காஞ்சியும் பருத்தியும் குராவும்

(தாவர நூலுக்கும் அதன் வகுப்பு முறைக்கும் ஒரு முகவுரை)

காஞ்சிமாநகரத்தை அடுத்து, வேகவதியாற்றின் பக்கத்தே, திருப்பருத்திக்குன்றம் என்னும் சிற்றூர் ஒன்றுளது. சமணர் இதனைச் சினகாஞ்சி என்று போற்றுவர். ஈண்டுள்ள திரைலோக்கியநாதர் கோயிலையும், அதன் மண்டபத்து விதானத்தில் தீட்டப்பெற்ற வண்ண ஓவியங்களையும் கண்டு மகிழ்வார் பலர். அம்மண்டபத்தை, விசயநகர வேந்தர் இரண்டாம் அரிகரரின் அமைச்சரான இருகப்பர் கி. பி. 1387-ஆம் ஆண்டையொட்டி எழுப்பினார் எனக் கல்வெட்டால் அறிகின்றோம். இவ்விருகப்பர் வடமொழியில் நானார்த்தரத்தினமாலை என்னும் சொற்பொருள் நூலும் இயற்றியவர். சொல்லுக்குப் பொருள் தேடிய ஒருவர் எழுப்பிய மண்டபத்தின் அயலே, மரஞ்செடிகளின் பெயர்க்கும் அப்பெயர் குறிக்கும் பொருட்கும் உள்ள தொடர்பை ஆராயப் புகுதல் பொருத்தமுடைத்தேயாம்.

இவ்விடத்தே மூன்று தாவரப் பெயர்கள் ஒருங்கே நிற்கின்றன. ஊர்ப் பெயரில் அமைந்தது பருத்தி. நகரின் பெயர் காஞ்சி மரத்தான் வந்ததென்பது நெடுநாளாக வழங்கும் கருத்து. கோயிலின் தலமரமோ குரா. இம்மூன்றும் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொகுத்துரைத்த 99 மலர்களுள்ளும் இடம்பெற்றுள்ளன. காஞ்சியும் குரவமும் வெளிப்படையாகக் கூறப்பட்டவை. ‘பாரம்’ என்பதற்குப் பருத்திப்பூ என நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். தேர்வின் பொருட்டு அப்பெயர்களை நெட்டுருச் செய்யும் மாணவர் பலர், அம்மரங்களுள் ஒன்று வழியிடை எதிர்ப்படின் இன்னதென்று அறியாது கடந்து செல்கின்றனர். பெயர் நாவில் நிற்கப் பொருள் கண்ணினின்றும் மறையுமாயின், அப்பெயரைக் கற்றதனாற் பயன் என்னை? இக்குறை நீங்குதற்குத் தாவர நூல் எவ்வாறு துணைசெய்யும் என்பதனை இம்மூன்று பயிர்களையுமே சான்றாகக் கொண்டு கூறுவாம்.

தாவர வாழ்க்கை

முதற்கண் தாவரம் என்பது யாது? தான் நின்ற இடத்தினின்றும் பெயராது, தனக்குவேண்டும் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் உயிர்ப்பொருள் என ஒருவாறு கூறலாம். வேர் மண்ணினின்றும் நீரையும், அந்நீரிற் கரைந்த உப்புக்களையும் உறிஞ்சுகின்றது. இலையின் மேற்றோலிலுள்ள நுண்டுளைகளின் வழியே கரியமிலவாயு உட்புகுகின்றது. இலையிலுள்ள பச்சையம் ஞாயிற்றின் ஒளியை ஏற்று, அவ்வொளியின் ஆற்றலால் நீரையும் கரியமிலவாயுவையும் இணைத்துச் சர்க்கரையாக்குகின்றது. அப்பொழுது பிராணவாயு வெளிப்படுகின்றது. நாம் உண்ணும் உணவும் உயிர்க்கும் காற்றும் இத்தொழிலையே பற்றி நிற்கின்றன. காஞ்சி நகரின் பட்டுத்தறிகளும் இதற்குப் புறம்பல்ல. பட்டுப்புழு மல்பெரி இலையைத் தின்றே நூல் கக்குகின்றது. ஆதலின், தறியில் ஓடும் பட்டிழையும் இலை சமைத்த உணவின் வேறுருவமே எனலாம்.

விலங்கு ஒரு பருவத்தில் வளர்ந்து அமைந்துவிடுகின்றது. தாவரமோ தண்டின் நுனியிலும் வேரின் நுனியிலும் வளர்திசுவைத் தாங்கி, வாழ்நாள் முழுதும் புதிய உறுப்புக்களைத் தோற்றுவிக்கின்றது. திருப்பருத்திக்குன்றத்துக் குராவைப் பற்றி ஆங்குக் கல்லில் வெட்டப்பட்டுள்ள வெண்பா, அது தன் அளவிற் குறைவதுமில்லை, உயர்வதுமில்லை எனக் கூறி, அரசனது செங்கோலின் நன்மைக்கு அதனைச் சான்றாக்குகின்றது. புலவர் கூற்று பக்தியிற் பிறந்தது. ஆயினும், முதிர்ந்த குறுமரத்தைப் பல்லாண்டு நோக்கியார்க்கு அஃது ஒரே அளவில் நிற்பதாகத் தோன்றுதல் இயல்பே. நுனி வளர்ச்சி ஆண்டுதோறும் சிறிதாக, முதிர்ந்த கிளை உலர்ந்து வீழப் புதிய கிளை அதனிடத்தை நிரப்புமாயின், உள்ளே மாற்றம் இடையறாது நிகழ்ந்தும் புறத்தே உயரம் மாறாதிருத்தல் கூடும்.

நம் முன்னோர் வகுத்த முறை

உயிர்களை வகைப்படுத்தும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுத்து, புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வாகிய ஓரறிவுடையனவாக வைக்கின்றது. அன்றியும், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பிரிக்கின்றது. அம்முறையில் மூங்கிலும் பனையும் தெங்கும் புல்லினத்தைச் சாரும். வேம்பும் தேக்கும் மரத்தினத்தைச் சாரும். ஓலை, மடல், பாளை முதலியவற்றைப் புல்லின் உறுப்புப் பெயர்களாகவும், இலை, தளிர், அரும்பு முதலியவற்றை மரத்தின் உறுப்புப் பெயர்களாகவும் அந்நூல் வேறு பிரித்து ஓதுதலும் நோக்கத்தக்கது.

இப்பிரிவு இற்றைத் தாவர நூலார் கூறும் ஒருவித்திலை, இருவித்திலை என்னும் பிரிவேயாம் எனச் சிலர் கூறுவர். அது முற்றும் பொருந்துமாறில்லை. பனையின் தண்டில் நீரையும் உணவையும் கடத்தும் குழாய்க் கற்றைகள் புறப்பகுதியில் நெருங்கிச் செறிந்திருத்தலால் புறம் வன்மை பெற்றது. வேம்பின் தண்டிலோ, பட்டைக்கும் மரத்திற்கும் இடையே வளர்படை ஒன்று அமைந்து, உட்புறமாகப் புதிய மரத்தைப் படலம் படலமாகச் சேர்த்துச் செல்ல, நடுவிலுள்ள பழம்பகுதி இறுகி வயிரமாகின்றது. இவ்வளவில் தொல்காப்பியனார் கண்ட வேறுபாடு உண்மையானதே. எனினும், பப்பாளி இருவித்திலையுடையதாயும் உள்வயிரம் பெறுவதில்லை. வாழை ஒருவித்திலையுடையதாயும் புறவயிரம் பெறுவதில்லை. ஆதலின், அவர் தண்டின் வன்மை கொண்டு பகுத்தார், இக்காலத்தார் வித்தின் அமைப்பு முதலிய பிற கொண்டு பகுத்தனர் என்று கொள்வதே நேரிய நெறி. பண்டையோர்க்கு இல்லாததொன்றை ஏற்றிச் சொல்லுதலினும், அவர் உற்றுநோக்கிக் கண்டதை உள்ளவாறு உரைத்தலே அவர்க்குப் பெருமை தருவதாம்.

சமணரும் தாவரத்தை ஓரறிவுயிரென்றே கொள்வர். அவருள்ளும் ஒரு பகுப்புண்டு: ஓருடலில் ஓருயிர் உறைவன, ஓருடலில் எண்ணிறந்த உயிர் உறைவன என்பது அது. கிழங்குகளைப் பின்னதன்கண் அடக்கி, அவற்றை உண்ணாது நீக்குவர். இஃது உயிர்க்கொலையைக் குறைத்தல் வேண்டும் என்னும் அறம் பற்றி எழுந்த பகுப்பு. தாவர நூலோ அறம் பற்றாது உறுப்புப் பற்றி ஆராய்கின்றது. அதன்படி உருளைக்கிழங்கு மண்ணுட் புதைந்த தண்டு, சர்க்கரைவள்ளி வேர், வெங்காயமோ குறுந்தண்டைச் சூழ்ந்த பருத்த இலையடிகளின் திரள். உருளைக்கிழங்கின் கண் ஒவ்வொன்றும் ஒரு மொட்டாதலின், அதனைத் துண்டித்து நடின் துண்டுதோறும் புதிய செடி முளைக்கும். ஒரு கிழங்கில் பல செடிகளாகும் ஆற்றல் அடங்கியிருக்கின்றது என்பதில் இரு திறத்தாரும் ஒன்றுபடுதல் வியப்பைத் தருகின்றது.

தமிழ் நிகண்டுகளையும் ஈண்டு மறத்தலாகாது. சமணப் புலவரான மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டில் மரப்பெயர்த் தொகுதி என ஒரு பகுதி தனியே அமைந்துள்ளது. ஒரு மரத்திற்குரிய பல பெயர்களை நிகண்டு தொகுத்துத் தரும். ஆனால் அம்மரத்தைக் கண்டறிதற்குரிய அடையாளங்களைத் தருதல் அதன் கருத்தன்று. அவ்வடையாளங்களைத் தருவதே தாவர நூலின் தொழில்.

மேனாட்டார் முறையும் தரங்கம்பாடியும்

கிரேக்க அறிஞரான தியோபிராஸ்தஸ், தாவரங்களை மரம், புதர், குறும்புதர், பூண்டு எனப் பகுத்தார். இது தோற்றம் பற்றிய பகுப்பு. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தாவரம் ஒவ்வொன்றிற்கும் இரு சொல்லாலாகிய பெயரை முறையாக வழங்கினார். முதற்சொல் பேரினத்தையும், இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். மகரந்தத் தாள்களின் எண்ணும் அமைப்பும் கொண்டு பூக்குந் தாவரங்களை வகுப்புக்களாகவும் பிரித்தார்.

அம்முறை தமிழகத்தை அடைய நெடுங்காலம் செல்லவில்லை. லின்னேயஸின் மாணவரான யோகான் கெர்கார்டு கேனிக் 1768-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்தார். 1776-ஆம் ஆண்டில் அங்கு வந்த ராட்லர் என்னும் குருவானவர், இறைப்பணிக்கு இடையே தாவரங்களையும் தொகுத்தார். தமிழ் அகராதியொன்றையும் உருவாக்கினார். அவ்வகராதி 1834-ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கி, 1836-ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னர் 1841-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. சொற்களைத் திரட்டிய அதே கை செடிகளையும் திரட்டியமை தமிழ் மாணவராகிய நமக்குப் பெரியதொரு படிப்பினை. பட்டுக்குச் செம்மஞ்சட் சாயம் தரும் கமலா மரத்திற்கு ராக்ஸ்பரோ என்பவர் ‘ராட்லெரா’ எனப் பெயரிட்டு அவரைச் சிறப்பித்தார். அம்மரம் இப்பொழுது மல்லோட்டஸ் என்னும் பேரினத்துள் வைக்கப்பட்டுள்ளது. அடுத்து வந்த ராபர்ட் வைட், தென்னாட்டுத் தாவரங்களின் படத் தொகுதிகளை 1838 முதல் 1853 வரை வெளியிட்டார். அப்படங்களை வரைந்த ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியரும் நினைக்கத்தக்கவர். ஆர்கிடு ஒன்றிற்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார்.

பருத்தி: வகுப்பின் படிகள்

இனி, வகுப்பு முறையின் படிகளைப் பருத்தியைக் கொண்டு விளக்குவாம். நம் நாட்டில் தொன்றுதொட்டுப் பயிராகும் பருத்தி வகையொன்று காசிப்பியம் ஆர்போரியம் எனப்படும். காசிப்பியம் என்பது பேரினம்; ஆர்போரியம் என்பது சிற்றினம். அமெரிக்காவினின்று வந்த காசிப்பியம் ஹிர்சூட்டம் அதே பேரினத்து வேறொரு சிற்றினம். முன்னதன் உயிரணுவில் 26 குரோமோசோம்களும், பின்னதன் உயிரணுவில் 52 குரோமோசோம்களும் உள்ளன. ஆகவே இவ்விரண்டிடைக் கலப்புச் செய்தல் எளிதன்று.

ஒத்த பேரினங்கள் கூடியது குடும்பம். பருத்தி, வெண்டை, செம்பருத்தி, பூவரசு, துத்தி ஆகிய இவற்றின் மலரை விரித்து நோக்குமின். மகரந்தத் தாள்கள் பலவும் அடியில் ஒன்றுசேர்ந்து குழாயாகிச் சூல்தண்டைச் சூழ்ந்து நிற்கும். உண்ணும் காயாகிய வெண்டையும், நிழல்தரும் பூவரசும், நூல்தரும் பருத்தியும் உறவினர் என்பதனை அம்மலரே உணர்த்துகின்றது. இது மால்வேசியே என்னும் குடும்பம். ஒத்த குடும்பங்கள் கூடியது வரிசை. அதற்கு மேற்பட்டவை வகுப்பு முதலியன. குடும்பம் என்னும் சொல்லே இம்முறையின் உட்கருத்தைக் காட்டுகின்றது. இவை புறத்தோற்றத்தால் ஒத்தவை மட்டுமல்ல, ஒரு முன்னோரினின்று கிளைத்தவையும் ஆம்.

இலவமரத்தை முன்னர்த் தனிக் குடும்பமாக்கியிருந்தனர். மரபணு ஆராய்ச்சியின் பயனாக இப்பொழுது அதனையும் மால்வேசியேயுள் அடக்கியுள்ளனர். ஆயினும், பருத்திப் பஞ்சும் இலவம் பஞ்சும் பிறப்பால் வேறு. பருத்தியிழை ஒவ்வொன்றும் விதைத்தோலின் ஓர் உயிரணு நீண்டு ஆயது. இலவம் பஞ்சு காயின் உட்சுவரினின்று தோன்றுவது.

காஞ்சி: இலை காட்டும் பொய்

காஞ்சி மரத்தை ஆற்றுப்பூவரசு என்றும் வழங்குவர். அதன் இலை பூவரசின் இலையைப் போன்றிருத்தலே காரணம். இலையை மட்டும் நோக்கின் இரண்டும் ஓரினம் என்றே எண்ணத்தோன்றும். மலரை நோக்கினால் உண்மை புலப்படும். பூவரசின் மலர் பெரியது; மஞ்சள் நிற அல்லியிதழ் ஐந்துடையது; ஆண் பெண் உறுப்பு இரண்டும் ஒரு மலரிலேயே அமைவது. காஞ்சியின் மலர்க்கோ அல்லியிதழே இல்லை. ஆண்மலர் ஒரு மரத்திலும் பெண்மலர் மற்றொரு மரத்திலும் பூக்கும். எனவே காஞ்சி, ஆமணக்கும் நெல்லியும் பண்டு ஒருங்கு வைக்கப்பட்ட யூபோர்பியேசியே குடும்பத்தைச் சார்ந்தது. (நெல்லியை இப்பொழுது வேறு குடும்பமாகப் பிரித்துள்ளனர்.)

1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஹார்ட்டஸ் மலபாரிக்கஸ் என்னும் மலையாள நாட்டுத் தாவர நூலில், இம்மரம் காஞ்சி என்னும் நம் நாட்டுப் பெயராலேயே குறிக்கப்பட்டது. லின்னேயஸ் அதற்கு ட்ரூவியா நூடிப்ளோரா எனப் பெயரிட்டார். 2007-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் அதனை மல்லோட்டஸ் பேரினத்திற்கு மாற்றி, மல்லோட்டஸ் நூடிப்ளோரஸ் என்றனர். மேலே ராட்லரின் பெயர் தாங்கியிருந்ததாகக் கூறிய கமலா மரமும் இப்பேரினத்ததே. காஞ்சி நகர்க்குப் பெயர் தந்த மரமும், பட்டுக்குச் சாயந் தரும் மரமும் நெருங்கிய உறவினவாயின.

அறிவியற் பெயர் இவ்வாறு மாறுமாயின் அதனை நம்புவதெப்படி எனச் சிலர் வினவலாம். பெயர் மாற்றம் தடுமாற்றத்தின் விளைவன்று. உறவு தெளிவாகுந்தோறும் பெயரும் அதற்கேற்பத் திருத்தப்படுகின்றது. பெந்தாமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட வகுப்பு முறை மலரின் உறுப்புக்களைப் பற்றி நின்றது. 1998-ஆம் ஆண்டில் பன்னாட்டு அறிஞர் குழுவொன்று மரபணுச் சான்று கொண்டு ஒரு முறையை வகுத்து, 2016-ஆம் ஆண்டில் அதன் நான்காம் பதிப்பை வெளியிட்டது. பழைய முறை கண்ட குடும்பங்கள் பல புதிய முறையிலும் நிலைபெற்றிருத்தல், கண்ணால் நுணுகி நோக்கிய அம்முன்னோரின் திறத்தைக் காட்டுகின்றது.

குராவும் குருந்தும்

குரா, குரவம், குருந்து என்னும் பெயர்கள் ஒலியால் நெருங்கியிருத்தலின், குராவைக் குருந்தென மயங்குவாருளர். குரா என்பதற்குத் தாரென்னா ஏசியாட்டிகா என்னும் குறுமரத்தையும், குருந்து என்பதற்கு அட்டலாண்டியா மோனோபில்லா என்பதனையும் பொருளாகக் கொள்வது பெருவழக்கு. இவ்விரண்டையும் பிரித்தறியும் வழி பின்வருமாறு:

முதலாவது, இலை நிற்கும் முறையை நோக்குக. குராவில் இலைகள் எதிரெதிராக இணைந்து நிற்கும்; குருந்தில் ஒன்றுவிட்டொன்றாக நிற்கும்.

இரண்டாவது, எதிரெதிர் நிற்கும் இரு காம்புகளின் நடுவே தண்டில் சிறு செதில் உண்டா எனக் காண்க. குராவில் உண்டு, குருந்தில் இல்லை.

மூன்றாவது, இலையை ஒளிக்கெதிரே பிடித்து நோக்குக. குருந்திலையில் எண்ணெய்ச் சுரப்பிகள் நுண்புள்ளிகளாகத் தோன்றும். கசக்கினால் எலுமிச்சையின் மணம் போன்ற மணம் வீசும். குருந்தின் கிளையில் முள்ளும் காணலாம்.

நான்காவது, மலரைப் பிளந்து நோக்குக. குராவின் வெண்மலர் அடியில் குழாயாகி, மேலே ஐந்தாகப் பிரிந்து, நீண்ட சூல்தண்டை வெளியே நீட்டும். அதன் சூலகம் இதழ்களுக்குக் கீழே அமைந்தது. குருந்தின் சூலகமோ இதழ்களுக்கு மேலே அமைந்து, சிறு எலுமிச்சை போன்ற காயாகும்.

இவ்வடையாளங்களாற் குரா, காப்பி, வெட்சி, நுணா ஆகியவற்றின் குடும்பத்தது என்றும், குருந்து, எலுமிச்சை, வில்வம், விளா, கறிவேம்பு ஆகியவற்றின் குடும்பத்தது என்றும் பெறப்படும். எதிரிலையும் இடைச்செதிலும் கண்ட அளவிலேயே காப்பிக் குடும்பத்தை நினைத்தற்குப் பழகியவன், முன் கண்டிராத செடியையும் ஒருவாறு இனங்கண்டுகொள்வான்.

அறியாமையால் வரும் இடர்

இஃதெல்லாம் பொழுதுபோக்கிற்குரிய நுணுக்கம் என்று கருதற்க. சமண நூல்கள் அருகனைப் பிண்டி நிழலில் அமர்ந்தோனாகப் போற்றும். பிண்டி, செயலை, அசோகு என்பன ஒரு மரத்தின் பெயர்களே. அதன் பட்டை பெண்டிர் நோய்க்கு மருந்தாக நெடுங்காலம் வழங்கிவருவது. ஆனால், சாலையோரங்களில் நெடிதோங்கி வளரும் நெட்டிலிங்கத்தையும் அசோகு என்றே பலர் அழைக்கின்றனர். இப்பெயர் மயக்கத்தின் நடுவே, மருந்துக் கடைச் சரக்கில் அசோகின் பட்டைக்கு மாற்றாக நெட்டிலிங்கத்தின் பட்டை கலக்கப்படுதல் ஆராய்ச்சியாளர் பன்முறை கண்ட உண்மை. உண்மை அசோகு கூட்டிலையுடையது, செம்மஞ்சட் பூங்கொத்துடையது, புளியும் கொன்றையும் சார்ந்த குடும்பத்தது. நெட்டிலிங்கம் அலையலையான ஓரமுடைய தனியிலையும், பசிய மலரும் உடையது, சீத்தாவின் குடும்பத்தது. இரண்டையும் ஒருமுறை உற்றுநோக்கியவர் பின் மயங்கார். நோயாளி நம்பி உண்ணும் மருந்து, இலை நோக்கத் தெரிந்தவர் ஒருவர் இடையில் இருத்தலையே பற்றி நிற்கின்றது.

நாம் செய்யக்கூடுவது

கல்லூரி மாணவ நண்பர்காள்! இக்கல்வி தாவர நூல் மாணவர்க்கே உரியதென்று தமிழ் மாணவர் ஒதுங்குதல் தகாது; தமிழ் நூற்பெயர்கள் தமக்கு வேண்டா எனத் தாவர நூல் மாணவர் ஒதுக்குதலும் தகாது. தாம்பரத்துக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியற் பேராசிரியராயிருந்த எட்வர்டு பார்ன்ஸ், தம் துறைக்கு அப்பாற்பட்ட தாவரங்களை ஆராய்ந்ததோடு, அக்கல்லூரி வளாகத்து மரங்களையும் பேணி வளர்த்தார். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் அருட்டந்தை மாத்தியூ 1967-ஆம் ஆண்டில் ராபினாட் உலர்தாவர நிலையத்தை நிறுவித் தமிழகத் தாவரங்களைத் திரட்டினார். கல்லூரி வளாகம் அறிவுக்கு இடமாதல் இத்தகையோரால் விளங்கும்.

ஒவ்வொருவரும் ஆண்டிற்குப் பத்துச் செடிகளையேனும் அறிதல் வேண்டும். பூவோடு கூடிய சிறுகிளை ஒன்றைப் பழந்தாள்களின் இடையே அழுத்தி உலர்த்துக. அட்டையில் ஒட்டி, கண்ட இடம், நாள், மலரின் நிறம், அவ்விடத்தார் சொல்லும் தமிழ்ப்பெயர், அறிவியற் பெயர் ஆகியவற்றை எழுதுக. உலர்ந்தபின் நிறமும் மணமும் மறையுமாதலின், அவற்றை அன்றே குறித்தல் நன்று. கோயில்களின் தலமரங்களினின்று கொய்தல் ஆகாது. வீழ்ந்த இலையும் பூவுமே அவற்றை அறிதற்குப் போதும். இவ்வாறு பத்து மாணவர் மூன்றாண்டு உழைப்பின், முந்நூறு தமிழ்ப்பெயர்கள் தத்தம் பொருளோடு இணைந்து நம் கல்லூரியில் நிலைபெறும். அத்தொகுதியில் முதல் மூன்று தாள்களாகக் காஞ்சியும் பருத்தியும் குராவும் இடம்பெறுக.